16 வயதில் இசை விமர்சகராக விரும்பும் மகள்: லண்டனில் வாழும் ஒரு தாய்க்குப் பதில்

அன்புள்ள அம்மா அவர்களுக்கு,

'ஹவ் டு பில்ட் எ கேர்ள்' திரைப்படத்தைப் பார்த்த பிறகு, 16 வயதில் எழுதும் ஜிசிஎஸ்இ பள்ளித் தேர்வுடன் படிப்பை நிறுத்திவிட்டு இசை விமர்சனம் எழுதப்போவதாக உங்கள் மகள் சொல்வது உங்களைக் கலங்க வைத்ததில் வியப்பில்லை. ஆனால், அந்தப் படத்தை அவருடன் அமர்ந்து நீங்களும் பாருங்கள். நீங்கள் இருவரும் பேச வேண்டியவற்றில் பெரும்பகுதி அதிலேயே இருக்கிறது.

வுல்வர்ஹாம்டனில் வறிய குடும்பத்தில் வளரும் 16 வயது ஜொஹானா, 1990களில் லண்டன் இசை வார இதழ் ஒன்றில் புனைபெயரில் எழுதிப் புகழ் பெறுகிறாள். மூல நாவலையும் திரைக்கதையையும் எழுதிய கேட்லின் மோரனே 16 வயதில் 'மெலடி மேக்கர்' இசை வார இதழில் சேர்ந்தவர் என்பதால், இதெல்லாம் நடக்காத காரியம் என்று மகளிடம் வாதிடாதீர்கள். நடந்ததுதான், ஆனால் அதற்கு இடம் கொடுத்த அச்சு வார இதழ்கள் இன்று இல்லை. 1926இல் தொடங்கிய மெலடி மேக்கர் 2000இல் நின்றுவிட்டது. அதன் போட்டி இசை இதழான என்எம்இயின் வார அச்சுப் பதிப்பும் 2018இல் முடிவுக்கு வந்தது. விமர்சனத்தை மட்டும் நம்பி லண்டனில் வாடகை கட்டுவது இன்று மிகக் கடினம்.

தவிரவும், இங்கிலாந்தில் 18 வயது வரை கல்வியிலோ பயிற்சியிலோ இருந்தாக வேண்டும் என்பது சட்டம். எனவே படிப்பா எழுத்தா என்ற சண்டையே வீட்டில் வேண்டாம். ஜிசிஎஸ்இக்கு அடுத்த பள்ளிப் படிப்பான ஏ லெவலில் ஆங்கிலத்துடன் இசையையோ வரலாற்றையோ எடுக்கலாம். பிறகு பட்டப்படிப்போ, இதழியலாளர் பயிற்சிக்கான என்சிடிஜே அமைப்பின் இதழியல் டிப்ளமோவோ படிக்கலாம். அவதூறுச் சட்டத்தை முறையாகக் கற்பது விமர்சகருக்கும் அவசியம். 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அவதூறு வழக்கில் 'நேர்மையான கருத்து' என்ற பாதுகாப்பைக் கோருபவர், அக்கருத்து எதன் அடிப்படையில் எழுந்தது என்பதைத் தம் எழுத்திலேயே பொதுவாகவேனும் சுட்டியிருக்க வேண்டும்.

நான் உண்மையில் அஞ்சுவது வேறொன்றை. ஜொஹானா அனுப்பும் முதல் விமர்சனம் 'ஆனி' இசை நாடகப் பாடல்களைப் பற்றியது. இதழ் அலுவலகத்தினர் அதை வேடிக்கையாகவே பார்க்கிறார்கள். ஜான் கைட் என்ற பாடகரைப் பற்றி அவள் மனம் நெகிழ்ந்து எழுதியதும் அவர்களுக்குப் பிடிக்கவில்லை. கலைஞர்களைக் குத்திக் கிழித்து எழுதத் தொடங்கிய பிறகே பணமும் பெயரும் வருகின்றன. இறுதியில், நம்பிச் சொல்லப்பட்ட அந்தரங்கத்தையும் அவள் அச்சேற்றிவிடுகிறாள். இன்றைய சமூக ஊடகங்களிலும் வசைக்கு வாசகர் விரைவாகச் சேர்வதால், 16 வயதுப் பிள்ளை அதையே தன் திறமை என்று நம்பிவிடக்கூடும்.

ஆகவே, தனக்கு மிகவும் பிடித்த இசைத்தொகுப்பு ஒன்றைப் பற்றியும், பிடிக்காத ஒன்றைப் பற்றியும் தலா 500 சொற்களில், எந்தப் பாடலில் எந்த இடம் ஏன் அப்படித் தோன்றியது என்ற காரணங்களுடன் எழுதச் சொல்லுங்கள். மூன்றாவதாக, உங்கள் பகுதியில் நடக்கும் சிறிய இசை நிகழ்ச்சி ஒன்றுக்கு அவரை நீங்களே அழைத்துச் சென்று, அதைப் பற்றியும் எழுதச் செய்யுங்கள். அந்த மூன்றையும் எடுத்துக்கொண்டு, ஏ லெவல் பாடங்களைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் இருவரும் என்னைச் சந்தியுங்கள்.