கம்பாசிட்டர் பதில்கள்

கேள்வி: மகனின் கல்யாணப் பத்திரிகைக்கு எந்த எழுத்து என்று என் மகள் அச்சகக்காரரோடு மல்லுக்கட்டுகிறாள். சேதி தெரிந்தால் போதாதா?
- வாசகி, திருமங்கலம்

பதில்: நான் மகள் கட்சி. உங்கள் மகன் பெயர் சரவணன் என்று வைத்துக்கொள்வோம். வளைவு நெளிவான எழுத்துரு சிலவற்றில் 'ர'வின் அடியில் சாய்ந்திருக்கும் கோட்டை வெட்டிவிடுகிறார்கள். அப்புறம் அது வெறும் துணைக்கால்தான். மாப்பிள்ளை 'சாவணன்' ஆகிவிடுவார். கல்யாணப் பத்திரிகையில் 'சா' விழுந்தால் சம்பந்தி வீட்டுப் பெரியவர்கள் சும்மா விடுவார்களா?

அலங்காரத்தைத் தலைப்போடு நிறுத்துங்கள். முகூர்த்த நேரம், மண்டபம், தெரு எல்லாம் சாதாரண எழுத்தில், வரிகளுக்கு நடுவே கொஞ்சம் இடம் விட்டு இருக்கட்டும். மெரூன் அட்டையில் தங்க நிறம் என்றால் ஒரு சைஸ் கூட்டச் சொல்லுங்கள்.

இன்னொன்று. வாட்ஸ்அப்பில் நீங்கள் அனுப்புவது யூனிகோடு, அதாவது எல்லா ஃபோனுக்கும் கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்து முறை. டி.டி.பி. கடைகளில் பாமினி மாதிரிப் பழைய எழுத்துருக்கள் இன்னும் புழக்கத்தில் உண்டு. பாமினியில் கொம்பை அடித்துவிட்டுத்தான் எழுத்தை அடிக்க வேண்டும். யூனிகோடில் எழுத்துக்குப் பின்னால்தான் கொம்பு பதிவாகும். ஒன்றை மற்றதாக மாற்றும்போது கொம்பு இடம் மாறலாம், 'ஸ்ரீ' உடையலாம். அதனால் நீங்கள் அனுப்பியது சரியாக இருந்ததே என்று நம்பி இருக்காதீர்கள். அச்சடிக்கும் முன் காட்டும் புரூஃபை எழுத்தெழுத்தாகப் பாருங்கள்.

மேலமாசி வீதிச் சந்து ஒன்றில் நான் கம்பாசிட்டராக ஈய எழுத்துக் கோத்த நாளில் தொல்லை வேறு. லை, ளை, னை, ணை நான்குக்கும் இன்றைய 'ை'க்குப் பதில் யானைத் துதிக்கை மாதிரி ஒரு வளைவு இருந்தது; றா, ணா, னாவுக்குத் தனி வடிவம். 1978-இல் அரசாணை வந்து 13 எழுத்துகள் மாறின. எங்கள் வேலை குறைந்தது உண்மை. ஆனாலும் அந்தத் துதிக்கை 'லை' என்ன அழகு!

கேள்வி: மாட்டுத்தாவணியில் எல்.இ.டி. பலகை உள்ள பஸ்களின் ஊர்ப் பெயர் சட்டென்று பிடிபடவில்லை. கண்ணைக் காட்ட வேண்டுமா?
- வாசகர், மேலூர்

பதில்: காட்டுங்கள், நல்லதுதான். ஆனால் குற்றம் முழுக்கக் கண்ணுடையது அல்ல. 'திருப்புவனம்' என்று எழுதிப் பாருங்கள். மேலே கொக்கியும் புள்ளியும், கீழே 'ரு'வின் சுழி, 'பு'வின் வால். ஆங்கிலப் பெரிய எழுத்துக்கு இப்படி மேலும் கீழும் எதுவும் நீளாது. அதே உயரப் பலகையில் தமிழை அடக்க வேண்டுமானால் நடு எழுத்தைக் குறுக்கத்தான் வேண்டும். அதில் வால் தேய்ந்தால் 'பு' வெறும் 'ப' ஆகிவிடும். திருப்புவனமா, திருப்பரங்குன்றமா என்று திகைக்க வேண்டியதுதான். பெயிண்ட்டில் போர்டு எழுதியவர் வாலுக்கு இடம் பார்த்துவிட்டுத்தான் தூரிகையை வைப்பார். பலகையின் உயரத்தைக் கூட்டும்வரை கண்டக்டரிடம் கேட்டுவிட்டு ஏறுங்கள்.