சின்ன வண்டி, நெடும் பயணம்: வாசகர் கேள்வி பதில்

100 முதல் 160 சிசி வரையுள்ள வண்டிகளை வெளியூர்ப் பயணத்துக்குத் தோதாக மாற்றுவது பற்றியே இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை. எல்லாம் சேலம் வட்டாரத்துக் கேள்விகள்.

மாதம் இரண்டு தடவை 100 சிசி வண்டியில் பெங்களூரு போய்வருகிறேன். கிருஷ்ணகிரி வருவதற்குள் உட்காரும் இடம் மரத்துப் போகிறது. ஜெல் ஷீட் போடலாமா, சீட்டையே மாற்றலாமா?
– வாசகர், அம்மாபேட்டை

ஜெல் வேண்டாம். மே மாதத்தில் அரை மணி நேரம் வெயிலில் நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்து பாருங்கள், தோசைக்கல் போல இருக்கும். சூட்டை வாங்கினால் லேசில் விடாது.

முதலில் செலவில்லாத ஒரு சோதனை. வண்டியை சமதளத்தில் நிறுத்தி, நீங்கள் உட்கார்ந்தபடியே, கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்தை சீட்டின் மேல் நீளவாக்கில் வைக்கச் சொல்லுங்கள். சீட் முன்பக்கம் சரிந்திருந்தால் பிரேக் போடும்போதெல்லாம் டேங்கை நோக்கி வழுக்குவீர்கள். வழுக்காமல் இருக்கக் கையை ஊன்றுவீர்கள். மணிக்கட்டு வலியும் இடுப்பு வலியும் அங்கேதான் தொடங்குகின்றன. சீட்டின் அடித்தட்டில் ரப்பர் கட்டைகள் இருக்கும். பழைய வண்டிகளில் முன் கட்டைகள் நசுங்கியோ விழுந்தோ போயிருக்கும். புதிது போட்டு 5 மி.மீ. உயர்த்தினாலே சரிவு குறையும். சீட் பூட்டு முழுதாக விழுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதற்கும் அடங்கவில்லை என்றால் ஸ்பாஞ்ச் வேலை. கடையில் கிடைக்கும் சாதா ஸ்பாஞ்சைப் போட்டால் காலையில் மெத்தை, மதியம் பலகை. அழுத்தி விட்டதும் சட்டென்று எழும்பும் எச்.ஆர். ஃபோம், 40 டென்சிட்டி (அடர்த்தி) என்று கேட்டு வாங்குங்கள். கம்பெனி ஸ்பாஞ்சை முழுசாக எடுத்து வீசவேண்டாம். அடித்தட்டின் வளைவுக்கு ஏற்ப அச்சில் வார்த்த ஸ்பாஞ்ச் அது. நீங்கள் உட்காரும் இடத்தில் மட்டும் 25 மி.மீ. ஆழத்துக்குச் சீவி எடுத்துவிட்டு, அந்தக் குழியில் 40 மி.மீ. ஃபோமை ஒட்டுங்கள். பசையை இரண்டு பக்கமும் மெல்லிசாகத் தடவி, பிசுபிசுக்கும் வரை காயவிட்டு அழுத்த வேண்டும். தடிமனாகப் பூசினால் அது காய்ந்து நடுவில் ஓர் அட்டை போல உறைந்துவிடும், பிறகு அந்த அட்டைதான் குத்தும். உட்காரும் எலும்புகள் இரண்டும் முழுதாக அமர, அந்த இடத்தில் 25 செ.மீ. அகலமாவது வேண்டும். முன்பக்கம் குறுகலாகவே இருக்கட்டும், இல்லாவிட்டால் கால் தரையில் ஊன்றாது.

ரெக்சின் தைக்கும் முன், மேலே ஒரு பழைய துணியைக் கட்டிக்கொண்டு ஆத்தூர் வரை போய்வாருங்கள். குறை இருந்தால் அப்போதே சீவிச் சரிசெய்யலாம். தைக்கும்போது உட்காரும் இடத்தின் நடுவில் தையல் வரக்கூடாது. மழைத்தண்ணீர் இறங்குவது தையல் துளை வழியாகத்தான். ரெக்சினுக்கு அடியில் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்று விரித்துவிடுங்கள்.

ஹேண்டில்பாரை உயர்த்த ஒரு கடையில் 50 மி.மீ. ரைசர் போட்டார்கள். முதுகுக்கு சுகம். ஆனால் ஏற்காடு மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவில் திருப்பும்போது வண்டி தானாக ரேஸ் ஆகிறது. ஏன்?
– வாசகர், கோரிமேடு

உடனே கவனியுங்கள், தள்ளிப்போட வேண்டாம். ஹேண்டில்பார் உயர்ந்த அளவுக்கு ஆக்சிலேட்டர் கேபிள் நீளவில்லை. முழுதாகத் திருப்பும்போது கேபிள் இழுபட்டு த்ராட்டில் திறக்கிறது. வேகம் குறைய வேண்டிய இடத்தில் வண்டி முன்னால் பாயும்.

சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் இன்ஜினை ஓடவிட்டு, ஹேண்டில்பாரை இடது கோடி முதல் வலது கோடி வரை மெதுவாகத் திருப்புங்கள். இன்ஜின் சத்தம் துளியும் மாறக்கூடாது. க்ளட்ச் லீவரில் இருக்கும் சிறு தளர்வும் குறையக்கூடாது. டிஸ்க் பிரேக் இருந்தால் அதன் ஹோஸ் எந்தக் கோடியிலும் விறைக்கக்கூடாது. 25 முதல் 30 மி.மீ. வரை பெரும்பாலும் பழைய கேபிளே தாங்கும். அதற்கு மேல் போனால் நீளமான கேபிள் போட்டே ஆகவேண்டும். ஹெட்லைட்டுக்குப் பின்னால் ஒயர்களைச் சேர்த்துக் கட்டியிருப்பதையும் தளர்த்தி விடச் சொல்லுங்கள். கழுத்துப் பகுதியில் ஒயர் இழுபட்டு உள்ளுக்குள் அறுந்தால், சில மாதம் கழித்து ஓடும்போதே வண்டி அணையும். அப்போது ரைசர்மேல் யாருக்கும் சந்தேகம் வராது.

உங்களுக்கு 30 மி.மீ. போதும் என்பது எங்கள் கருத்து.

125 சிசி வண்டி. 70 கி.மீ. வேகத்தில் கை கால் எல்லாம் அதிர்கிறது. முன் ஸ்ப்ராக்கெட்டில் (செயின் ஓடும் பற்சக்கரம்) ஒரு பல் கூட்டினால் சரியாகும் என்கிறார்கள். உண்மையா?
– வாசகர், ஓமலூர்

பாதி உண்மை. கணக்கைப் பாருங்கள். உங்கள் வண்டியில் முன்னால் 14 பல், பின்னால் 42 பல் என்று வைத்துக்கொள்வோம். விகிதம் 3. முன்னால் 15 போட்டால் 2.8. அதே வேகத்துக்கு இன்ஜின் சுற்று 6.7 சதவீதம் குறையும். நிமிடத்துக்கு 5500 சுற்று (ஆர்.பி.எம்.) ஓடியது 5130 சுற்றாக இறங்கும். ஒற்றை சிலிண்டரில் பிஸ்டன் மேலும் கீழும் போய்வருவதால் எழும் விசை, சுற்றின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதனால் அந்த விசை ஏறத்தாழ 13 சதவீதம் குறையும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் கைக்கு வரும் அதிர்வு அது மட்டும் அல்ல. ஒவ்வொரு வண்டிக்கும் சேசிஸும் (வண்டியின் சட்டம்) ஹேண்டில்பாரும் சேர்ந்து நடுங்கும் ஒரு சுற்று உண்டு. பல்லைக் கூட்டி, நீங்கள் வழக்கமாகப் போகும் வேகத்தை நேராக அந்தச் சுற்றிலேயே கொண்டுபோய் நிறுத்திவிட்டவர்களும் உண்டு. டாப் கியரில் எந்த ஆர்.பி.எம்.மில் அதிர்வு கூடுகிறது, எதில் அடங்குகிறது என்று முதலில் குறித்துக்கொள்ளுங்கள். அடங்கும் சுற்று கீழே இருந்தால் மட்டுமே இந்த மாற்றம் பலன் தரும்.

இன்னொரு விலையும் உண்டு. தொப்பூர் கணவாயில் தர்மபுரி பக்கம் ஏறும்போது இப்போது டாப் கியரில் இழுக்கிற வண்டி, பிறகு இழுக்காது, கியர் குறைக்க வேண்டிவரும். பின்னால் ஆளும் மூட்டையும் இருந்தால் மலையில் முதல் கியரில் க்ளட்ச்சை அரைத்து அரைத்து எடுப்பீர்கள். மலையேற்றம் அதிகம் போகிறவருக்கு இது வேண்டவே வேண்டாம்.

பல்லில் கை வைக்கும் முன் மூன்றைப் பாருங்கள்: இன்ஜின் மவுண்டிங் போல்ட்டுகள், ஹேண்டில்பார் புஷ், செயின். எண்ணெய் காணாமல் முறுக்கிக்கொண்ட ஒரு கண்ணி போதும், வண்டி முழுக்க நடுங்க. இவை மூன்றையும் சரிசெய்ததுமே பலருக்கு வேலை முடிந்துவிடும். அப்படியும் மாற்றுவதாக இருந்தால் செயினையும் இரண்டு ஸ்ப்ராக்கெட்டையும் செட்டாக மாற்றுங்கள். பெரிய முன் பல் செயின் கவரில் உரசாமல் சுற்றுகிறதா என்று கையால் சுற்றிப் பார்த்த பிறகே கிக்கரை உதையுங்கள்.

சைலன்சர் மாற்றினால் பிக்கப் கூடுமா?
– வாசகர், சூரமங்கலம்

கூடாது, சத்தம்தான் கூடும். நாள் முழுக்க அந்தச் சத்தத்தில் ஓட்டினால் உடம்பு அசதியும் கூடும். சட்டமும் இடம் தராது. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுக்கு மாறாக வண்டியை மாற்றினால், 2019 திருத்தத்தின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே.

மனைவியுடன் ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது பாதி வழியில் பின் பிரேக் கருகல் வாடை வீசியது, பெடல் ஆழமாகப் போனது. இரண்டு பக்கமும் டிரம் பிரேக். டிஸ்க் மாற்றலாமா?
– வாசகர், கொண்டலாம்பட்டி

ஏற்காடு 1515 மீட்டர் உயரம், சேலம் சுமார் 280. ஆள், வண்டி, பை எல்லாம் சேர்த்து 250 கிலோ என்றால் 1200 மீட்டர் இறங்குவதில் விடுபடும் ஆற்றல், குடத்துத் தண்ணீர் 10 லிட்டரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. காற்றும் டயரும் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மிச்சத்தை இன்ஜின் வாங்க வேண்டும் அல்லது பிரேக் வாங்க வேண்டும். நீங்கள் முழுவதையும் பின் பிரேக்கிடம் கொடுத்திருக்கிறீர்கள். டிரம் சூடேறி விரிந்ததால், உள்ளிருந்து அதை அழுத்தும் பிரேக் ஷூ எட்ட முடியாமல் பெடல் ஆழமாகப் போனது. ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் லைனிங்கின் பிடிப்பும் சூட்டில் குறைந்தது.

எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். 20 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் பெரும்பாலும் இரண்டாவது கியர்தான். பிரேக்கை விடாமல் தேய்த்துக்கொண்டே வராமல், வளைவுக்கு முன்னால் முன், பின் பிரேக் இரண்டையும் அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டு முழுதாக விடுங்கள். விட்ட நேரத்தில் டிரம் ஆறும். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்குவது உயிரோடு விளையாடுவது.

வழியில் பெடல் இறங்கினால் நிறுத்தி அரை மணி ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள். சூடாக இருக்கும்போது அட்ஜஸ்டிங் நட்டை முறுக்காதீர்கள், ஆறிச் சுருங்கியதும் சக்கரம் இறுகிப் பிடிக்கும். ஊர் வந்ததும் ஷூவைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணாடி போல மினுமினுத்தால் மாற்றிவிடுங்கள். டிஸ்க் போடுவதென்றால் முன் ஃபோர்க், வீல் ஹப், மாஸ்டர் சிலிண்டர் எல்லாம் மாறவேண்டும். அந்தச் செலவு இந்த வண்டிக்குத் தேவையில்லை.

மலைமேல் வண்டி மந்தமாகிறது. கார்புரேட்டர் ஜெட் மாற்றலாமா?
– வாசகர், அயோத்தியாப்பட்டணம்

வேண்டாம். 1500 மீட்டரில் காற்றழுத்தம் சுமார் 15 சதவீதம் குறைவு, சக்தியும் அந்த அளவுக்குக் குறையும். பெட்ரோல் வரும் துளையான ஜெட்டைச் சிறிதாக்கினால் கீழே இறங்கியதும் இன்ஜின் சூடேறும். மலையேறும் முன் ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்தால் போதும்.

எஸ்டேட் வேலை. பனிமூட்டத்தில் இரவு இறங்க வேண்டியிருக்கிறது. ஹெட்லைட்டில் எல்.இ.டி. பல்ப் போட்டேன், எதிரே வெள்ளைச் சுவர்தான் தெரிகிறது.
– வாசகர், ஏற்காடு

பனித்துளியில் பட்டு வெளிச்சம் உங்கள் கண்ணுக்கே திரும்புகிறது. பழைய ஹாலஜன் பல்ப்புக்காக வடிவமைத்த ரிஃப்ளெக்டரில் எல்.இ.டி. பல்ப் ஒளியை மேலே சிதறடிக்கும். எதிரே வருபவர் கண்ணும் கூசும். பழைய பல்ப்பையே போட்டு டிம்மில் ஓட்டுங்கள். கூடுதலாக, பார்வை மட்டத்துக்கு எவ்வளவு கீழே முடியுமோ அவ்வளவு கீழே, லெக் கார்டில், 10 வாட் மஞ்சள் விளக்கு இரண்டு. முன் சக்கரத்துக்கு 10 மீட்டர் தள்ளி வெளிச்சம் தரையைத் தொடும்படி சாய்த்து வையுங்கள்.

20 வாட் என்றால் 12 வோல்ட்டில் சுமார் 1.7 ஆம்பியர். சுவிட்ச் வழியாக நேரே இழுக்காமல் பேட்டரியிலிருந்து ரிலே (சுவிட்ச்சுக்குப் பதில் மின்சாரத்தைச் சுமக்கும் சாதனம்), அதற்கு முன் 5 ஆம்பியர் ஃபியூஸ். மாட்டியபின் எல்லா விளக்கையும் போட்டு, வண்டியை ஓடும் சுற்றில் வைத்து, பேட்டரி முனைகளில் மீட்டரால் பாருங்கள். 13.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் உங்கள் வண்டியில் மின்சாரம் தரும் சுருள் (காயில்) இதைத் தாங்கவில்லை என்று பொருள், ஒரு விளக்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 40, 50 வாட் என்று விற்பவற்றைத் தொடவேண்டாம்.

பக்கப் பையைத் தாங்கும் சேடில் ஸ்டே மாட்ட சேலை கார்டைக் கழற்ற வேண்டும் என்கிறார் கடைக்காரர். கழற்றலாமா? பின்னால் பாக்ஸ் வைப்பது மேலா?
– வாசகி, ஆத்தூர்

கழற்றாதீர்கள். பின்சக்கரத்தில் பாதியையாவது மூடும் தடுப்பும், பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடியும் விதிப்படி இருந்தே ஆகவேண்டும். சேலையோ துப்பட்டாவோ சிக்கினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. சேலை கார்டுக்கு வெளியே மாட்டும்படி ஸ்டேயை வெல்டிங் பட்டறையில் செய்துகொள்ளலாம். சைலன்சர் பக்கம், பக்கப் பைக்கும் குழாய்க்கும் நடுவே நாலு விரல் இடைவெளி வேண்டும்.

பாக்ஸ் வசதிதான், ஆனால் உயரத்திலும் பின் அச்சுக்கு அப்பாலும் உட்காருகிறது. அச்சுக்கு 30 செ.மீ. பின்னால் 10 கிலோ வைத்தால் முன்சக்கரத்தின் மேல் சுமார் இரண்டரை கிலோ குறையும். முன்பக்கம் லேசாகி, பஸ் கடக்கும்போது வண்டி ஆடும். மழைக்கோட்டு, துணி பாக்ஸில். டூல்ஸும் தண்ணீரும் பக்கப் பையில், அடியில். பின் சாக்கப்சர் இரண்டையும் ஒரே படிக்கு உயர்த்துங்கள். டயர் காற்று, செயின் கவரில் இருவருக்கென்று அச்சிட்டுள்ள அளவுக்கு.

அதன் பிறகும் ஆடினால் கோன்செட் (ஹேண்டில்பார் திரும்பும் கழுத்தில் உள்ள பேரிங்) தளர்ந்திருக்கும். முன் சக்கரத்தைத் தூக்கி ஃபோர்க்கைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் டக் டக் என்று தெரியும்.

கொல்லிமலை 70 கொண்டை ஊசி வளைவுக்கும் 110 சிசியில் போகிறோம். ஸ்போக்ஸ் ரிம்மில் ட்யூப்லெஸ் போடலாமா? என்னென்ன எடுத்துச் செல்ல வேண்டும்?
– வாசகர், ராசிபுரம் சாலை, சேலம்

ஸ்போக்ஸ் துளை வழியே காற்று போகும். சிலிக்கான் பூசி அடைப்பதை நம்பி மலைக்குப் போகாதீர்கள். ட்யூபோடே போங்கள். பின்சக்கர அளவில் ஒரு புது ட்யூப், டயர் லீவர் மூன்று, கைப்பம்பு, பின் ஆக்சிலுக்குப் பொருந்தும் ஸ்பேனர், செயின் லாக் (செயின் முனைகளை இணைக்கும் கண்ணி) ஒன்று. வீட்டு வாசலில் ஒரு முறை பின்சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பழகிக்கொள்ளுங்கள்.

க்ளட்ச் கேபிளும் ஆக்சிலேட்டர் கேபிளும் புதிதாக ஒவ்வொன்று வாங்கி, பையில் போடாமல், பழைய கேபிள் போகும் வழியிலேயே அதோடு சேர்த்து டேப்பால் கட்டிவிடுங்கள். முனைகளில் பாலித்தீன் சுற்றி ரப்பர் போடுங்கள். அறுந்தால் டேங்கைக் கழற்றாமல் இரண்டு முனையையும் மாற்றி மாட்டிவிடலாம், பத்து நிமிட வேலை.