சனி 60, ஞாயிறு 50: கூட்டினா 110 வருதே?

வணக்கம் அக்கா. பினாங்கில் சனிக்கிழமை மழைக்கு 60 விழுக்காடு, ஞாயிறு 50. அப்போ விருந்து வைக்கிற வார இறுதியில் மழை வர 110 விழுக்காடா என்று படிவம் 2 படிக்கிற மகன் கேட்டதா எழுதியிருந்தீங்க. கூர்மையான பையன். இது படிவம் 4 பாடம்.

நிகழ்தகவு 100-ஐத் தாண்டாது. இரண்டு நாளும் பெய்வதை அவர் இரண்டு தடவை எண்ணிட்டார். தலைகீழா போகச் சொல்லுங்க: சனி பெய்யாமலிருக்க 0.4, ஞாயிறு 0.5. பெருக்கினா 0.2. அதை 1-இல் கழிச்சா 0.8, அதாவது 80 விழுக்காடு.

நம்பலைன்னா இரண்டு பகடைக்கு 6×6 கட்டம் வரைந்து, குறைந்தது ஒரு 6 வருகிற கட்டங்களுக்கு வண்ணம் தீட்டட்டும். 12 வராது, 11தான். மூலைக் கட்டம் இரண்டு வரிசைக்கும் பொது.

ஆனா பெருக்கல், ஒன்றையொன்று பாதிக்காத நிகழ்வுகளுக்குத்தான். பகடைக்குச் சரி. மழை அப்படியில்லை: சனி பெய்தா ஞாயிறும் பெய்யும் வாய்ப்பு கூடும். அப்போ விடை 80-க்குக் கீழே இறங்கும், ஆனா 60-க்குக் குறையவே குறையாது. சோதனைத் தாளில் 'சார்பற்ற நிகழ்வுகள்' என்றிருந்தா யோசிக்காம பெருக்கலாம்.

விருந்துக்கு எப்படியும் கூடாரம் போட்டுடுங்க.