மிடில் ஸ்கூலின் 61 விழுக்காடு: வீடு மாறும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: கலிபோர்னியாவில் வசிக்கிறோம். மகள் வரும் ஆகஸ்டில் ஆறாம் வகுப்புக்காக மிடில் ஸ்கூலில் (6 முதல் 8 வரை) சேர வேண்டும். எங்கள் முகவரிக்கு உரிய பள்ளியில், மாநிலத் தேர்வின் கணிதத்தில் 61 விழுக்காட்டினர்தான் தரநிலையை எட்டியிருக்கிறார்கள். பக்கத்து ஊர்ப் பள்ளியில் 84 விழுக்காட்டினர். வாடகை மாதம் 800 டாலர் கூடினாலும் அங்கே மாறிவிடலாமா?

பதில்: மூன்று ஆண்டுகளுக்குக் கணக்கிட்டால் இது 28,800 டாலர் செலவு. இந்த இரண்டு எண்களை மட்டும் நம்பி அவ்வளவு பணத்தைச் செலவிட வேண்டாம் என்பதே என் கருத்து.

ஸ்மார்ட்டர் பேலன்ஸ்டு எனப்படும் இத்தேர்வை 3 முதல் 8 வரையிலான வகுப்பினரும் 11ஆம் வகுப்பினரும் வசந்த காலத்தில் கணினியில் எழுதுகிறார்கள். சரியாகப் பதில் சொல்லச் சொல்லக் கேள்விகள் கடினமாகும், தவறினால் எளிதாகும் என்பதால், நாம் பழகிய நூற்றுக்கு இத்தனை என்ற கணக்கு இதில் இல்லை. நான்கு இலக்க மதிப்பெண்தான் வரும். ஆறாம் வகுப்புக் கணிதத்தில் 2552 எடுத்தால் தரநிலையை எட்டியதாகப் பொருள். 2551 எடுத்த பிள்ளை அந்த விழுக்காட்டில் சேராது. இப்படி ஒரு புள்ளி முன்பின் ஆவது எந்தத் தேர்விலும் இயல்பான அளவீட்டுப் பிழைக்குள் அடங்கிவிடக் கூடியது.

இரண்டே மாணவர்கள் உள்ள ஒரு வகுப்பைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒருவர் 2592, மற்றவர் 2532 எடுத்தால் அந்த வகுப்பின் விழுக்காடு 50; ஆனால் சராசரியாகத் தரநிலைக்கு மேல் 10 புள்ளிகள். இன்னொரு வகுப்பில் இருவருமே 2552 எடுத்தால் விழுக்காடு 100. சராசரியோ தரநிலைக்கு மேல் ஒரு புள்ளிகூட இல்லை. இதனால்தான் மாநில அரசின் ஸ்கூல் டாஷ்போர்டு என்ற இணையதளம், தரநிலையிலிருந்து மாணவர்கள் சராசரியாக எத்தனை புள்ளி மேலே அல்லது கீழே இருக்கிறார்கள் என்பதைக் காட்டுகிறது. வீடு விற்பனைத் தளங்கள் பள்ளிகளுக்குத் தரும் பத்துக்கு இத்தனை என்ற மதிப்பீட்டைவிட இந்த எண்ணைப் பார்ப்பது நல்லது.

இதைவிட முக்கியமான கேள்வி, அந்த மதிப்பெண்ணில் பள்ளியின் பங்கு எவ்வளவு, வீட்டின் பங்கு எவ்வளவு என்பது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கல்வி ஆய்வாளர் ஷான் ரியர்டன் அமெரிக்கா முழுவதற்குமான தேர்வு முடிவுகளைத் தொகுத்து ஆராய்ந்தபோது, சராசரி மதிப்பெண் குடும்பங்களின் பொருளாதார நிலையோடு மிக நெருக்கமாகவும், ஆண்டுக்கு ஆண்டு மாணவர்கள் அடையும் வளர்ச்சி அதனோடு சற்றே தொடர்புடனும் இருப்பதைக் கண்டார். 2017இல் வெளிவந்த அவரது ஆய்வில், சராசரி குறைவாக இருந்த சிகாகோ அரசுப் பள்ளிகளின் மாணவர்கள், 3ஆம் வகுப்பிலிருந்து 8ஆம் வகுப்பு வரையிலான ஐந்தாண்டுகளில் ஏறக்குறைய ஆறு ஆண்டுகளுக்குரிய முன்னேற்றத்தைப் பெற்றிருந்தார்கள். விழுக்காட்டை மட்டும் பார்த்திருந்தால் அந்தப் பள்ளிகளை யாரும் திரும்பிக்கூடப் பார்த்திருக்கமாட்டார்கள்.

உங்கள் நிலையில் இதைச் சரிபார்க்க ஒரு வழி உண்டு. மாநிலத் தேர்வு முடிவுகளுக்கான இணையதளத்தில், பெற்றோரின் கல்வித் தகுதி வாரியாகவும் ஒவ்வொரு பள்ளியின் முடிவுகளைப் பிரித்துப் பார்க்கலாம். நீங்கள் முதுநிலைப் பட்டம் பெற்றவர் என்றால், இரண்டு பள்ளிகளிலும் முதுநிலைப் பட்டதாரிகளின் பிள்ளைகள் எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று ஒப்பிடுங்கள். மொத்தத்தில் 23 விழுக்காடாகத் தெரியும் இடைவெளி இங்கே கணிசமாகச் சுருங்கிவிட்டால், உங்களைப் போன்ற வீட்டுப் பிள்ளைகளுக்கு இரண்டு பள்ளிகளும் பெரும்பாலும் ஒன்றுதான். பத்து அல்லது அதற்கும் குறைவானோர் எழுதிய பிரிவின் முடிவை வெளியிடமாட்டார்கள். இருபது முப்பது பேர் உள்ள பிரிவின் முடிவும் ஆண்டுதோறும் ஏறி இறங்கும் என்பதால் மூன்று ஆண்டுகளைச் சேர்த்துப் பாருங்கள்.

அடுத்து, ஒரே அணியை, அதாவது ஒரே ஆண்டில் சேர்ந்த மாணவர்களை, வகுப்புக்கு வகுப்பு பின்தொடருங்கள்: 2022இல் ஆறாம் வகுப்பு, 2023இல் ஏழாம் வகுப்பு, 2024இல் எட்டாம் வகுப்பு. இடையில் சில பிள்ளைகள் வருவதும் போவதும் இருக்கும் என்றாலும், பெரும்பாலும் அதே மாணவர்கள்தான். கணிதத் தரநிலை இந்த மூன்று வகுப்புகளிலும் முறையே 2552, 2567, 2586 என உயர்ந்துகொண்டே போகிறது. ஆறாம் வகுப்பில் சராசரி 2600 எடுத்த அணி எட்டாம் வகுப்பிலும் அதே 2600இல் நின்றால், தரநிலைக்கு மேலே இருந்த 48 புள்ளிகள் 14ஆகக் குறைந்துவிட்டன என்று பொருள். பக்கத்து ஊர்ப் பள்ளியின் 84க்குப் பின்னால் இப்படியொரு தேக்கம் ஒளிந்திருக்கலாம். உங்கள் பள்ளியின் 61க்குப் பின்னால் ஏறுமுகம் இருக்கலாம். மகளின் மதிப்பெண் அறிக்கையையும் பின்னாளில் இப்படித்தான் படிக்க வேண்டும்.

ஒத்த பிரிவினரிடையேயும் இடைவெளி பெரிதாக நீடித்து, உங்கள் பள்ளியின் அணிகள் தொடர்ந்து இறங்குமுகமாகவும் இருந்தால், வீடு மாறுவதை நான் தடுக்கமாட்டேன். அப்படியில்லை என்றால், பள்ளி அலுவலகத்தில் ஒரு கேள்வி கேளுங்கள்: எட்டாம் வகுப்பிலேயே அல்ஜீப்ரா 1 என்ற இயற்கணிதப் பாடத்தை எடுக்க வழி இருக்கிறதா, அதற்கான மாணவர்களை எந்த வகுப்பில், எதை வைத்துத் தேர்ந்தெடுக்கிறார்கள்? உயர்நிலைப் பள்ளியில் கால்குலஸ் வரை போக விரும்பும் பிள்ளைக்கு 61, 84 என்ற வேறுபாட்டைவிட அந்தப் பதில் அதிகம் பயன்படும். முடிவுகள் அண்மை ஆண்டுகளில் அக்டோபர் வாக்கில் வெளிவருகின்றன; நீங்கள் பார்த்தது பழைய ஆண்டின் எண்ணாக இருந்தால், வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் புதியதைப் பார்த்துவிடுங்கள்.