எக்கோ அடிக்கும் ஆபீஸ்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்க ஆபீஸ் 50 அடி நீளம், 30 அடி அகலம், 12 அடி உசரமுங்க. 20 பேர் இருக்கோம். தரை விட்ரிஃபைடு டைல்ஸ், ரோட்டுப் பக்கம் முழுக்கக் கண்ணாடி, மேல வெறும் கான்கிரீட். நாலு பேர் போன் எடுத்தாப் போதும், சந்தையாட்டம் ஆயிருது. ‘கெணத்துக்குள்ள இருந்து பேசறீங்களா’ன்னு கஸ்டமர் கேக்கறாங்க. ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங் போட்டா அடங்குமுங்களா?
– வாசகர், பீளமேடு, கோவை

பதில்: சாதா ஜிப்சம் பலகை போட்டால் அடங்காது. அதுவும் வழவழப்பான கெட்டிப் பரப்புதான். சத்தத்தைத் திருப்பி அடிக்கும். நீங்கள் கொடுத்த அளவை வைத்தே கணக்குப் போட்டுவிடலாம்.

ஒரு சத்தம் நின்றபின் 60 டெசிபல் இறங்க எடுக்கும் நேரம்தான் எதிர்முழக்க நேரம். அடிக்கணக்கில் வாய்பாடு: 0.049 × அறையின் கன அடி ÷ சத்தத்தை உறிஞ்சும் பரப்பு. உங்கள் அறை 18,000 கன அடி. தரை, கூரை, சுவர் எல்லாம் சேர்த்து 4,900 சதுர அடிக்கு மேல் வந்தாலும், டைல்ஸும் கான்கிரீட்டும் பூச்சுச்சுவரும் பேச்சொலியில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கைத்தான் விழுங்கும். ஆட்களையும் நாற்காலிகளையும் கூட்டினாலும் 250 சதுர அடி தேறினால் பெரிது. விடை: மூன்றரை விநாடி. ஒருவர் சொன்ன ‘வணக்கம்’ அடங்குவதற்குள் அவர் அடுத்த வாக்கியத்தையே முடித்துவிடுவார். பேச்சு புரியவில்லை என்று ஒருவர் குரலை ஏற்ற, அது கேட்டு அடுத்தவர் ஏற்ற, சந்தை கூடிவிடுகிறது.

இப்படிப்பட்ட ஆபீசுக்கு 0.7 விநாடி நல்ல இலக்கு. அதற்கு 1,260 சதுர அடி உறிஞ்சும் பரப்பு வேண்டும். உங்களுக்குக் குறைவது ஏறத்தாழ 1,010. நல்ல பேனல் 0.85 பங்கு உறிஞ்சும் என்று வைத்தால் 1,200 சதுர அடி பேனல். மலைக்க வேண்டாம், ஒரே நாளில் போட வேண்டியதில்லை. முதல் 400 சதுர அடியிலேயே மூன்றரை விநாடி ஒன்றரைக்கு இறங்கும். அடுத்த 400-இல் ஒன்றுக்குச் சற்றுக் கீழே. கடைசி 400-இல்தான் 0.7. காசு கொடுத்ததன் பலன் முதல் தவணையில்தான் பளிச்சென்று தெரியும்.

இடம்? கூரைதான். சுவரில் உங்களுக்கு அவ்வளவு காலி இடம் கிடைக்காது. 50 மில்லிமீட்டர் கனம், கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தி உள்ள ராக்வூல் (கல்லை உருக்கி இழைத்த பஞ்சு) பலகையை மெல்லிய கண்ணாடியிழை டிஷ்யூவில் சுற்றி (தூசு உதிராமல் இருக்க), சட்டத்தில் பொருத்தி, மேலே துணி போர்த்துங்கள். கான்கிரீட்டோடு ஒட்டவே ஒட்டாதீர்கள். நான்கு அங்குலமாவது இறக்கித் தொங்கவிடுங்கள். கெட்டிப் பரப்பை ஒட்டிய இடத்தில் காற்று அசைவதில்லை. அசையாத காற்றிலிருந்து பஞ்சு எதையும் பிடுங்க முடியாது. பேச்சில் வரும் 500 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளமே இரண்டேகால் அடி; காற்று நன்றாக அசைவது கெட்டிப் பரப்பிலிருந்து அதில் கால் பங்கு தள்ளித்தான். தள்ளி நிற்கும் பலகைதான் ஆண் குரலின் அடிக்கட்டையைப் பிடிக்கும்.

துணியில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். வாயை வைத்து ஊதினால் மூச்சு மறுபக்கம் போக வேண்டும். சென்னிமலை கைத்தறித் துணி தாராளமாகப் போகும். ‘துடைக்க வசதி’ என்று ரெக்சினோ ஃப்ளெக்ஸோ போர்த்தினால் உள்ளே ராக்வூல் இருந்தும் பயன் பாதியாகிவிடும். பேனல் மேல் பெயிண்ட் அடிப்பதும் இதே கதைதான். ரெடிமேட் சீலிங் டைல் வாங்கினால் என்.ஆர்.சி எண்ணைக் (விழும் ஒலியில் எத்தனை பங்கை உறிஞ்சும் என்று காட்டும் எண்) கேளுங்கள்: 0.8-க்குக் குறைந்தால் வேண்டாம். ஸ்பிரிங்க்ளர் தலை, புகை உணர்வி எதையும் மறைக்காதீர்கள்.

கண்ணாடிக்கும் எதிர்ச்சுவருக்கும் நடுவே நின்று கை தட்டிப் பாருங்கள். ‘டர்ர்ர்’ என்று கேட்டால் ஒலி இரண்டுக்கும் இடையே பந்தாடுகிறது. எதிர்ச்சுவரில் தரையிலிருந்து 3 அடி முதல் 7 அடி வரை சில பேனல் அடித்தால் நிற்கும். கண்ணாடிக்கு, சதுர மீட்டருக்கு 500, 600 கிராம் கனமான கரூர்த் திரைத்துணி. அகலம் 10 அடி என்றால் 20 அடி துணி எடுத்து மடிப்பு மடிப்பாக விட வேண்டும். இழுத்துக் கட்டினால் பாதிப் பயன்கூட இருக்காது.

கேள்வி: முட்டை அட்டை ஒட்டினா எக்கோ போயிரும்னு சொல்றாங்க. எங்க ஊர்ல அதுக்கா பஞ்சம்? தெர்மகோலும் ஒட்டலாமுங்களா?
– வாசகர், நாமக்கல்

பதில்: பஞ்சமில்லைதான், ஆனால் அது முட்டைக்கு மட்டும் நல்லது. மெல்லிய அட்டை, கீச்சுக்குரலில் கொஞ்சம் பிடிக்கும், பேச்சின் கனமான பகுதியை அப்படியே விட்டுவிடும். தீப்பிடித்தால் ஒரு நிமிடம் தாங்காது. தெர்மகோலில் குமிழ் எல்லாம் மூடியவை, ஒலி நுழைய வாசலே இல்லை. கூம்பு கூம்பாக வரும் ஒரு அங்குல பஞ்சு ஃபோமும் பாதிக்கிணறுதான்; எரிந்தால் நச்சுப்புகை வேறு. ஆபீசில் வேண்டாம்.

கேள்வி: தரையில ஜமக்காளம் விரிச்சாப் போதாதா?
– வாசகி, பவானி

பதில்: நாற்காலி இழுபடும் சத்தமும் செருப்புச் சத்தமும் நன்றாகக் குறையும். பேச்சு முழக்கத்துக்கு அந்தக் கனம் பற்றாது. மெத்தை வைத்த நாற்காலி வாங்கினால் அதைவிட மேல். 1895-இல் ஹார்வர்டில் ஒரு விரிவுரை அறையின் முழக்கத்தை அடக்க வழி தேடிய இயற்பியலாளர் சபைன் சோதனைக்குச் சுமந்துவந்ததும் பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளைத்தான். மேலே சொன்ன வாய்பாடு அங்கிருந்து வந்தது.

கேள்வி: பேனல் போட்டோம், எக்கோ சுத்தமாப் போச்சு. இப்ப மூணு வரிசை தள்ளி மெர்ச்சண்டைசர் பையர்கிட்ட ரேட் பேசறது ஒவ்வொரு வார்த்தையும் கேக்குது. முன்ன இவ்வளவு கேக்கலைங்க!
– வாசகர், திருப்பூர்

பதில்: முன்பு முழக்கம் எல்லார் பேச்சையும் குழப்பி மறைத்தது, இப்போது அந்தப் போர்வை இல்லை. பேனல் தப்பில்லை, அடுத்த வேலை பாக்கி. மேஜைகளுக்கு நடுவே தடுப்பு உட்கார்ந்தவர் தலைக்கு மேலே போக வேண்டும்: தரையிலிருந்து நாலரை அடியாவது. கண்ணாடித் தடுப்பு என்றால் இருபக்கமும் ஒலி திரும்பும், ஃபெல்ட் போர்த்தியதாக எடுங்கள். அதற்கும் மிஞ்சினால் கூரையில் ஸ்பீக்கர் வைத்து, ஏசி காற்றுபோல 40 முதல் 45 டெசிபலுக்குள் சீரான இரைச்சல் விடலாம். 48-ஐத் தாண்டினால் அதுவே தலைவலி.

கேள்வி: ஆபீசுக்குப் பின்னாடியே தறிக்குடோன். உள் சுவர்ல பேனல் அடிச்சா தறிச்சத்தம் நிக்குமா?
– வாசகர், சோமனூர்

பதில்: நிற்காது. பேனல் உள்ளே அலையும் ஒலியை விழுங்கும். சுவர் தாண்டி வருவதைத் தடுக்க எடையும் இடைவெளியற்ற மூடலும் வேண்டும். பகலில் விளக்கை அணைத்துவிட்டுச் சுவர், கதவு விளிம்பெல்லாம் பாருங்கள். வெளிச்சம் வரும் இடமெல்லாம் சத்தமும் வரும். சுவர்ப்பரப்பில் நூற்றில் ஒரு பங்கு ஓட்டை இருந்தாலே, எவ்வளவு கனமான சுவரும் 20 டெசிபலுக்கு மேல் தடுக்காது. வென்டிலேட்டரைச் செங்கல் வைத்து அடையுங்கள், கதவின் அடியில் ரப்பர் பட்டி, சன்னல் ஓரங்களில் சிலிக்கான். கதவு பொள்ளல் ஃப்ளஷ் டோர் என்றால் கெட்டிப் பலகைக் கதவாக மாற்றுங்கள். தறி அடி தரைவழியே அதிர்ந்து வருகிறதா என்று மேஜைக்காலில் கை வைத்துப் பாருங்கள். அதிர்ந்தால் ரப்பர் பட்டி உதவாது, தறிக்கடியில் அதிர்வுத் தாங்கி போட வேண்டும். அது குடோன்காரரிடம் பேச வேண்டிய விஷயம்.