டர்பனில் எங்கள் கோவில் அன்னதானத்துக்கு நிதி திரட்ட 'தேனீத் தத்தெடுப்பு' நடத்தலாமா? அது தேனீக்கும் உதவுமா?

நடத்தலாம். ஆனால் ஒரு தேனீயைப் பெயர் வைத்துத் தத்துக் கொடுக்காதீர்கள். வேலைக்காரத் தேனீயின் ஆயுள் ஏறக்குறைய ஆறு வாரம். சான்றிதழின் மை காய்வதற்குள் அது போய்விடும். ஒரு கூட்டையோ, ஒரு பூஞ்செடிப் பாத்தியையோ தத்துக் கொடுங்கள். 100 ராண்டில் எவ்வளவு அன்னதானத்துக்கு, எவ்வளவு செடிக்கு என்று சான்றிதழிலேயே அச்சிடுங்கள். இதை மறைத்தால்தான் பிறகு மனக்கசப்பு.

செடிப் பணத்தில் முருங்கை, துளசி, ஜூன்-ஜூலையில் பூக்கும் உள்நாட்டுக் கற்றாழை வகைகள் நடலாம். துளசிக் கதிர்களை எல்லாம் கிள்ளிவிடாமல் பாதியையாவது பூக்க விடுங்கள். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போடுங்கள், இல்லாவிட்டால் தேனீ மூழ்கும். கடைத் தேனை மட்டும் வெளியே வைக்கவே கூடாது. தேனீப் புழுக்களைக் கொல்லும் புழு அழுகல் நோயின் கிருமி வித்துகள் அதில் இருக்கலாம்.

கோவில் வளாகத்தில் தேனீப் பெட்டி வைக்கும் ஆசை வேண்டாம். டர்பன் உள்ள குவாசூலு-நட்டால் மாகாணத்தில் இருப்பது ஸ்கூட்டெல்லாட்டா என்ற ஆப்பிரிக்கத் தேனீ இனம், சீண்டினால் கூட்டமாய்த் துரத்தும். பதிவு பெற்ற தேனீ வளர்ப்பாளரோடு சேருங்கள். நாட்டின் தென்மேற்கே உள்ள கேப் பகுதியிலிருந்து கூடு வாங்கவும் கூடாது: அங்குள்ள கேப் தேனீ இனத்தின் வேலைக்காரத் தேனீக்கள் ஆண் சேர்க்கையின்றியே பெண் முட்டையிடும். 1990 வாக்கில் அவற்றை வடக்கே கொண்டுபோனதில், ஸ்கூட்டெல்லாட்டா கூடுகளுக்குள் ஒட்டுண்ணியாகப் புகுந்து கூட்டம் கூட்டமாய் அழித்தன.