வட்டமாக இருந்தால் எல்லாம் படர்தாமரையா?

கேள்வி: இரண்டு மாதமாக என் தொடையில் வட்டமாக ஒரு தடிப்பு. மருந்துக்கடையில் வாங்கிய களிம்பைப் போட்டால் நாலே நாளில் அரிப்பு நிற்கிறது. விட்டால் முன்பைவிடப் பெரிதாக வருகிறது. இதேபோல் வந்த என் அக்காவுக்கு எக்சிமா என்றார்கள். எனக்கும் அதுதானா? பார்த்து எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்?

பதில்: வட்டத்தைவிட, 'விட்டால் பெரிதாக வருகிறது' என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் என்னை யோசிக்க வைக்கிறது.

வட்டமான தடிப்பு என்றால் நான் முதலில் ஓரத்தைப் பார்ப்பேன். படர்தாமரைக்குக் காரணமான பூஞ்சை வெளிப்பக்கமாகப் பரவிக்கொண்டே போகும். அதனால் ஓரம் லேசாக மேடிட்டு, செதில் செதிலாக இருக்கும். நடுப்பகுதி தெளிந்து வரும். விரலால் தடவினாலே ஓரம் தட்டுப்படும். எக்சிமா பூஞ்சையால் வருவதல்ல, அது தோல் அழற்சி. அதிலும் நாணயம் போல வட்டமாக வருவது உண்டு. ஆனால் அதில் பெரும்பாலும் நடு தெளியாது, வட்டம் முழுக்க ஒரே சொரசொரப்பு, சொறிந்தால் நீர் கசியும். சொரியாசிஸ் என்ற நீடித்த தோல் நோய் என்றால் தடித்த வெள்ளிநிறச் செதில். முழங்கை, முழங்கால், தலை ஆகிய இடங்களையும் பார்க்க வேண்டும்.

இதெல்லாம் களிம்பு படாத தோலுக்குச் சரி. உங்களைப் போலவே ஓர் இளைஞர் வந்தார். மாதக்கணக்கில் ஒரே டியூப். ஓரம் மங்கி, செதிலே இல்லை. பார்த்தால் எக்சிமா என்றுதான் சொல்லத் தோன்றும். சந்தேகப்பட்டு ஓரத்தைச் சுரண்டி, தோல் செதிலைக் கரைத்துப் பூஞ்சையைத் தெளிவாகக் காட்டும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டு மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். கிளைகிளையாகப் பூஞ்சை இழைகள்! அவர் போட்டது ஸ்டீராய்டு களிம்பு. அது அரிப்பையும் தடிப்பையும் அடக்கும், பூஞ்சையை அடக்காது. உள்ளே அது பரவிக்கொண்டேதான் இருக்கும். இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம். சுலபமாகக் குணமாகும் நோயை இந்தக் களிம்புகள் இழுத்தடித்துவிடுகின்றன.

உங்கள் டியூபில் பெட்டாமெத்தசோன், குளோபெட்டசால் என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதுவும் ஸ்டீராய்டுதான். என் ஊகம், உங்களுக்கு இருப்பது படர்தாமரை. ஆனால் எழுத்தை வைத்து முடிவுசெய்ய மாட்டேன்.

வேறு இரண்டையும் சொல்லிவிடுகிறேன். இரவில் அரிப்பு கூடி, வீட்டில் மற்றவர்களுக்கும் அரித்தால் விரலிடுக்கைப் பாருங்கள், சிரங்காக இருக்கலாம். வெளிறிய தேமலில் அரிப்பே இல்லாமல், பஞ்சால் தொட்டாலும் உணர்ச்சி தெரியாவிட்டால் தள்ளிப்போடாமல் காட்டுங்கள். தொழுநோய் அப்படித் தொடங்கலாம், மாத்திரையில் முழுதாகக் குணமாகும்.

அந்த டியூபை இனி தொடாதீர்கள். சீக்கிரமே ஒரு தோல் மருத்துவரைப் பாருங்கள். போகும் நாளில் எண்ணெய், பவுடர் எதுவும் தடவ வேண்டாம். டியூபைக் கையோடு எடுத்துப் போங்கள். பூஞ்சைக்கான களிம்பு தந்தால், தோல் தெளிந்ததும் நிறுத்திவிடாமல் அவர் சொன்ன நாள்வரை போடுங்கள். அப்புறம், கால்விரல் இடுக்கையும் தொடை இடுக்கையும் மறக்காமல் காட்டுங்கள். பூஞ்சை அங்கேயும் இருந்தால் திரும்ப வந்துவிடும்.